சுழலாத திருகாணிகள்

ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்து 1972இல் வெளிவந்த ராயல் ஓக், வெறும் எஃகுக் கடிகாரம். விலையோ 3,300 சுவிஸ் பிராங்க். அன்று தங்கக் கடிகாரமே அதைவிட மலிவாகக் கிடைத்தது. மூழ்காளரின் தலைக்கவசம்போல எட்டுத் திருகாணிகள் முகப்பிலேயே தெரியும். அதே பாணியில் ஒன்றை நானே செய்யப் போனபோதுதான் சூட்சுமம் பிடிபட்டது: அவை சுழலவே சுழலாது. அறுகோணத் தலை அறுகோணக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், முடுக்குவது பின்பக்கத்திலிருந்து. அதனால்தான் எட்டு வெட்டுகளும் வட்டத்தின் போக்கிலேயே நிற்கின்றன. மலிவு நகல்கள் பலவற்றில் ஆளுக்கொரு திசை பார்க்கும்!

என் கடிகாரத்துக்குள் ஓடுவது செய்கோவின் என்ஹெச்35. பேட்டரி கிடையாது; மணிக்கு 21,600 முறை துடிக்கும். இதே செய்கோதான் 1969 டிசம்பர் 25இல் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த 15 ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் பாதிக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. ராயல் ஓக் தப்பித்தது. பக்கத்துப் பட்டறைகள் பல தப்பவில்லை.