பலகையில் இருந்த 'அவன்'

1865 மார்ச் மாதம், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், இரண்டாம் முறையாகப் பதவியேற்ற ஆபிரகாம் லிங்கன் ஒரு வாக்குக் கொடுத்தார். போரைச் சுமந்தவனையும் அவன் விதவையையும் அவன் அனாதைக் குழந்தையையும் நாடு பேணும் என்பது அதன் சாரம். 1959இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நிர்வாகம் அந்த வரியையே தன் குறிக்கோள் வாசகமாக ஏற்றுக்கொண்டது. வாஷிங்டன் தலைமையகத்தின் வாசலில் உலோகப் பலகையில் அது இடம்பெற்றது. வகுப்பில் இந்த வரியைத் தமிழில் சொல்ல நேரும்போதெல்லாம் எனக்குத் தயக்கம் வரும். 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை மறைந்துவிடும். ஆனால் மூலத்தில் இருப்பது ஆண்பால்தான். அதனால் 'அவன்' என்றே சொல்கிறேன். மாணவிகள் முகம் சுளிக்கட்டும். பெண்களையும் உள்ளடக்கும்படி அந்த வாசகம் திருத்தப்பட்டது 2023இல்தான்.

அமெரிக்க வரலாற்றில் முன்னாள் வீரர்களின் மனநலம் பற்றிய வாக்குறுதிகளுக்குப் பஞ்சமே இல்லை. இரு கட்சியினரும் கொடுத்திருக்கிறார்கள். வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா என்று கேட்பது சுலபம். யாரை மனத்தில் வைத்துக் கொடுத்த வாக்குறுதி என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கதையை பாஸ்டனிலிருந்து தொடங்குகிறேன். 1969இல் அங்குள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சாரா ஹேலி சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த உடனேயே ஒருவர் அவரிடம் வந்து, தன் அணியினர் வியட்நாமில் ஒரு கிராமத்துப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதாகவும், சுட மறுத்த தன்னை மிரட்டியதாகவும் சொன்னார். கூடிப் பேசிய மருத்துவக் குழு அவருக்கு மனச்சிதைவு நோய் என்று முடிவுகட்டியது. அவர் சொன்னது நடந்திருக்கக்கூடும் என்று வாதாடியவர் புதிதாகச் சேர்ந்த ஹேலி. அவருடைய தந்தை இரண்டாம் உலகப் போரில் உளவுப் பணியில் இருந்தவர். போர் என்ன செய்யும் என்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர் ஹேலி. அதே ஆண்டு நவம்பரில் மை லாய் படுகொலை செய்தி உலகத்துக்குத் தெரிந்தது.

கொடுமைகளைச் சொல்லும் நோயாளியிடம் சிகிச்சையாளர் எப்படி நடந்துகொள்வது என்பது பற்றி ஹேலி எழுதிய கட்டுரை 1974இல் வெளிவந்தது. அதே 1974இல், அதே பாஸ்டனில், ஆன் பர்ஜெஸ் என்ற செவிலியரும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியலாளரும் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். வன்புணர்வுக்குப் பின் பாஸ்டன் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த பெண்களுடன் பேசி எழுதியது அது. கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், சில இடங்களை நெருங்கவே முடியாத அச்சம். இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். படுக்கையறையிலும் தெருவிலும் காயப்பட்ட பெண்ணின் உடம்பும், காட்டுப் போரிலிருந்து திரும்பியவனின் உடம்பும் ஒரே மொழியில் பேசுகின்றன. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர் கொடுத்தது. பி.டி.எஸ்.டி. என்று இன்று எல்லாரும் சொல்வது அதைத்தான். ஹேலியும் அதற்காகப் போராடியவர்களில் ஒருவர்.

மருத்துவம் சேர்த்து வைத்ததைச் சட்டம் பிரித்தே வைத்திருந்தது. வியட்நாம் வீரர்களுக்கு மனநல ஆலோசனை தரும் மசோதாவை செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் 1971இலேயே கொண்டுவந்தார். செனட் அதைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றியது, கீழவை திரும்பத் திரும்பக் கிடப்பில் போட்டது. எட்டு ஆண்டு கழித்து, 1979 ஜூனில், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். ஆஸ்பத்திரி வாடையே வேண்டாம் என்று கடைத்தெருக்களில் 'வெட் சென்டர்' எனும் ஆலோசனை மையங்கள் திறக்கப்பட்டன. நல்ல யோசனை. ஆனால் அந்த வாசலில் ஒரு பெண் வந்து நின்றால் என்ன செய்வது என்று பலருக்கும் தெரியவில்லை.

லிண்டா வான் டெவாண்டர் வியட்நாமின் பிளேகு நகரில் இராணுவச் செவிலியராக இருந்தவர். ஊர் திரும்பியபின் போர் எதிர்ப்பு ஊர்வலம் ஒன்றில் முன்வரிசையில் நிற்கப் போனபோது, உங்களைப் பார்த்தால் முன்னாள் வீரர் மாதிரி இல்லை என்று சொல்லி அவரைப் பின்னுக்குத் தள்ளினார்கள். தடுத்தவர்களும் அதே போரில் இருந்தவர்கள்தான், அதே போரை எதிர்த்தவர்கள்தான். இதை அவர் 1983இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். முற்போக்கு இயக்கங்களில் வேலை செய்த எந்தத் தோழிக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்க இராணுவப் பெண்கள் சுமார் 11,000 பேர், அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் செவிலியர்கள். துப்பாக்கி தூக்கவில்லை, அதனால் போர் பார்க்கவில்லை என்பது அன்றைய கணக்கு. இருபது வயதுப் பையன்களின் அறுந்த கால்களைக் கையில் ஏந்தியவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு.

1983இல் நாடாளுமன்றம் ஆணையிட்ட தேசிய ஆய்வில் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். வியட்நாமில் இருந்த ஆண்களில் 15.2 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 8.5 விழுக்காட்டினருக்கும் அந்த நேரத்தில் பி.டி.எஸ்.டி. இருந்தது. வாழ்நாளில் எப்போதாவது இருந்ததா என்று கேட்டபோது இடைவெளி சுருங்கியது: ஆண்கள் 30.9, பெண்கள் 26.9.

எதிரியால் வராத காயம் இன்னொன்று இருந்தது. 1991இல் லாஸ் வேகாஸில் நடந்த கடற்படை விமானிகளின் 'டெயில்ஹுக்' மாநாட்டில் 83 பெண்களும் 7 ஆண்களும் பாலியல் தாக்குதலுக்கு ஆளானதை இராணுவத் துறையின் விசாரணையே பதிவு செய்தது. அந்தச் சூட்டில், 1992இல், படையில் நேர்ந்த பாலியல் வன்முறைக்கு ஆலோசனை தரச் சட்டம் வந்தது. ஆலோசனை பெறலாம். உதவித்தொகை கேட்டால்தான் கதவு மூடும்.

2010 ஜூலையில் ஒபாமா அரசு செய்த மாற்றத்தைப் பாருங்கள். அதுவரை, பி.டி.எஸ்.டி.க்கு உதவித்தொகை கேட்கும் ஒருவர் இன்ன நாளில் இன்ன தாக்குதல் நடந்தது என்று ஆவணம் காட்ட வேண்டும். புதிய விதிப்படி, எதிரித் தாக்குதல் பற்றிய அச்சமே காரணம் என்றால், அவர் பணியாற்றிய இடத்தோடும் சூழலோடும் பொருந்துகிற வரையில் அவருடைய சொல்லே போதும். அரசு மருத்துவர் ஒருவர் உறுதி செய்தால் சரி. உண்மையிலேயே பெரிய சீர்திருத்தம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தன் அணியைச் சேர்ந்தவனாலேயே வன்புணர்வுக்கு ஆளான பெண்ணுக்கு அது பொருந்தவில்லை. அவள் பழைய விதியின்படியே சான்று தேட வேண்டும்: கர்ப்பப் பரிசோதனைச் சீட்டு, பால்வினை நோய்ப் பரிசோதனை, இடமாற்றம் கேட்ட கடிதம், திடீரென வேலையில் தரம் குறைந்த பதிவு, வீட்டாரின் வாக்குமூலம். மேலதிகாரியே தாக்கியவனாக இருந்தால் அவள் யாரிடம் போய் எழுதிக் கொடுத்திருப்பாள்? இந்தப் பாகுபாட்டை நீக்க, பாதிக்கப்பட்ட ரூத் மூரின் பெயரில் வந்த மசோதாவைக் கீழவை 2013இல் நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. 1974இல் பாஸ்டனில் நெருங்கி வந்த இரண்டு உடம்புகளை ஓர் அரசு விதி மறுபடி பிரித்து உட்கார வைத்தது என்றுதான் இதைப் படிக்கிறேன்.

சட்டங்களின் பெயர்களையும் கவனியுங்கள். 2007இன் தற்கொலைத் தடுப்புச் சட்டத்துக்கு ஜோஷுவா ஆம்விக் பெயர், 2015இன் சட்டத்துக்கு கிளே ஹன்ட் பெயர். இரண்டுமே மகனை இழந்த வீடுகளிலிருந்து வந்தவை. கிளேயின் தாய் சூசன் செல்கி நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, மகன் உதவி தேடி அலைந்ததைச் சொன்னார். மகனை இழந்த தாய் அழுகையை அடக்கிக்கொண்டு ஒலிபெருக்கி முன் பேசுவது அந்த நாட்டில் சட்டம் இயற்றும் முறைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. பெண் வீரர்களுக்கு எந்தத் திட்டம் பயன்படுகிறது என்று தனியாகப் பாருங்கள் எனச் சொல்லும் சட்டம் 2016இல்தான் வந்தது. படையிலிருந்து வந்த பெண்களின் தற்கொலை விகிதம் மற்றப் பெண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று அரசின் கணக்கே காட்டியபிறகு.

கடைசியாக வீட்டில் இருப்பவர்கள். இரவில் கணவன் அலறும்போது எழுப்பாமல் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடக் கற்றுக்கொண்ட மனைவிகள். 2010 மே மாதம் வந்த ஒரு சட்டம் இப்படிப் பராமரிப்பவர்களுக்கு மாத உதவித்தொகை கொடுத்தது. மனநலப் பாதிப்பும் அதில் சேர்த்தி. ஆனால் 2001 செப்டம்பர் 11க்குப் பின் காயப்பட்டவர்களின் வீட்டாருக்கு மட்டும். வியட்நாம் வீரர்களின் மனைவிகளையும் சேர்க்க 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கான கணினி அமைப்பு தயாராகவில்லை என்று ஓராண்டு தள்ளிப்போய், 2020 அக்டோபரில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கினார்கள். 1970இல் இருபத்திரண்டு வயதில் திருமணமாகி வந்த பெண்ணுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது.