பெயின்ற் மாறுகிறது, பூஞ்சணம் மாறவில்லை: எமது வீடுகளின் ஈர வரலாறு



மாரி உச்சத்துக்கு வரும்போது எமது ஊர்களில் இரண்டு விடயங்கள் சேர்ந்தே வருகின்றன. வீட்டுச் சுவரில் கறுப்புப் புள்ளிகள், வகுப்பறையில் இருமல். ஈரலிப்பும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்பவர்களுக்கு இழுப்பும் சுவாசத் தொல்லைகளும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஆகவே இது சுவரின் அழகு பற்றிய பேச்சு மட்டுமல்ல, பிள்ளைகளின் நெஞ்சு பற்றிய பேச்சு.

ஒவ்வொரு பெருநாளுக்கும் பெயின்ற் அடிக்கிறோம். அடுத்த மாரியில் அதே மூலையில், அதே அலுமாரிக்குப் பின்னால் அது திரும்பி வருகிறது. ஏன்? விடை பெயின்ற் வாளியில் இல்லை. நாம் வீடு கட்டிய வரலாற்றில் இருக்கிறது.

முதலில் மண்வீட்டுக் காலம். கம்பு நட்டு, வரிந்து, களிமண் அப்பிய சுவர். மேலே கிடுகு. களிமண் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்ததும் திருப்பி விட்டுவிடும். கூரை தாழ இறங்கி நின்றதால் மழை சுவரில் அடிக்காது. குசினி பெரும்பாலும் தனியாக இருந்தது. அடுப்பின் ஆவியும் புகையும் கிடுகுக்குள்ளால் வெளியே போயின. அந்த வீடுகளில் குறைகளும் இருந்தன. கறையான் இருந்தது, தீப் பயம் இருந்தது. 1978 நவம்பர் 23 அன்று அடித்த சூறாவளி மட்டக்களப்புக் கரையோரத்தில் எத்தனை கூரைகளை அள்ளிக்கொண்டு போனது என்று வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கல்வீட்டை நாம் விரும்பியதில் நியாயம் இருக்கிறது.

அதே காலத்தில் வசதியுள்ள போடிமாரும் வியாபாரிகளும் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, ஓடு கொண்டு வீடு கட்டினார்கள். கரையோரத்தில் முருகைக்கல்லையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். சுண்ணாம்புக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, அதற்குள்ளால் நீராவி போய்வரும். மற்றது, புதிதாகப் பூசிய சுண்ணாம்பின் கடுமையான காரத்தில் பூஞ்சணம் முளைக்காது. காலம் போகப்போகக் காற்றோடு சேர்ந்து அந்தக் காரம் குறைந்துவிடும். அதனால் மீண்டும் அடிக்க வேண்டும். பெருநாளுக்கு முன்னர் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும் வழக்கம் வெறும் அலங்காரமாகத் தெரிந்தாலும், அது ஆண்டுக்கொரு தடவை பூஞ்சணத்துக்குக் கொடுத்த மருந்தாகவும் இருந்தது.

பிறகு சீமெந்து வந்தது. இங்கிலாந்தில் 1824இல் ஜோசப் அஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சீமெந்தை, 1950இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை எமது நாட்டிலேயே உற்பத்தி செய்யத் தொடங்கியது. உறுதியானது, விரைவில் இறுகுவது. மேசன்மாருக்கும் அது வசதி. மறுபக்கத்தில், முருகைக்கல் அகழ்வு கரையை அரித்ததால் 1981இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988இல் செய்த திருத்தம் அந்த அகழ்வைத் தடைசெய்தது. அந்தத் தடை சரியானதுதான். அந்தச் சுண்ணாம்புக்குத் திரும்பிப் போக முடியாது, போகவும் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சீமெந்துப் பூச்சு உள்ளே போன ஈரத்தை இலகுவில் வெளியே விடாது. அதன் மேல் ரப்பர் போல மூடும் பெயின்ற் அடித்தால் இன்னும் கஷ்டம். பழைய சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து பூச வேண்டாம் என்று பழங்கட்டடம் புதுப்பிக்கும் நிபுணர்கள் சொல்வது இதனால்தான். கழுவாத கடல் மணல் கலந்திருந்தால் அதிலுள்ள உப்பே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு வரும்.

அடுத்தது வளவின் கதை. இதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். கிழக்கில் குமர்ப்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். உம்மாவின் வளவிலேயே மூத்த மகளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு ஒரு வீடு. பெண்ணின் பெயரில் ஒரு கூரை இருப்பது பெரிய பாதுகாப்பு. ஆனால் நிலம் வளரவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் கடலிலிருந்து 200 மீற்றர் வரை கட்ட வேண்டாம் என்று கிழக்கில் அறிவித்தபோது நெருக்கம் இன்னும் கூடியது. தாழ்வாரம் அறையாக மாறியது. முற்றம் மறைந்தது. தங்கச்சி வீட்டுச் சுவரும் ராத்தா வீட்டுச் சுவரும் ஒரு சாண் இடைவெளியில் நிற்கின்றன. ஒரு வீட்டின் கூரைத் தண்ணீர் மற்ற வீட்டின் சுவரில் விழுகிறது. அந்தச் சாண் இடைவெளியில் வெயில் படாது, காற்று ஓடாது, பூசவும் கை போகாது. பூஞ்சணம் குடியிருப்பது அந்தச் சுவரின் உட்பக்கத்தில்தான்.

வரலாறு சொல்வது இதுதான். பழைய வீடு ஈரத்தை உள்ளே விட்டாலும் வெளியே போக வழி வைத்திருந்தது. நாம் அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டோம். அவற்றைத் திறக்காமல் எத்தனை தடவை பெயின்ற் அடித்தாலும் அது திரும்பி வரும்.

இப்போது செய்யக்கூடியவை:

• முதலில் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள். உடைந்த ஓடு, பீலி இல்லாத கூரை, கசியும் குழாய், சுவரடியில் தேங்கும் தண்ணீர். பூஞ்சணத்துக்குச் சாப்பாடு எங்கும் கிடைக்கும். அதற்குத் தேவை ஈரம். அதை நிறுத்தினால் அது நிற்கும்.

• மழைத் தண்ணீர் உள்ளே வந்தால் ஓரிரு நாட்களுக்குள் காயவைக்கப் பாருங்கள்.

• ஈரச் சுவருக்குப் பெயின்ற் அடிக்காதீர்கள். உரிந்ததைச் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு அடியுங்கள். சுரண்டும்போது முகக்கவசம் போடுங்கள், இழுப்புள்ள பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். பிளீச் பாவித்தால் வேறு எந்தத் திரவத்தோடும் கலக்க வேண்டாம்.

• அலுமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

• குசினியிலும் குளியலறையிலும் யன்னலைத் திறந்து வையுங்கள். கதவுக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்களைக் கடதாசி வைத்து அடைக்காதீர்கள். மாரியில் அறைக்குள் துணி காயவைப்பதைக் குறையுங்கள்.

• புதிதாகக் கட்டுபவர்கள் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஈரத்தடுப்புப் படை போடும்படி மேசனிடம் கட்டாயம் சொல்லுங்கள். செலவு கொஞ்சம். பிறகு போட முயன்றால் சுவரையே வெட்ட வேண்டும்.

கடைசியாக, அடுத்த மகளுக்கு வீடு கட்ட வளவை அளக்கும் வாப்பாமாரிடமும் உம்மாமாரிடமும் ஒரு வேண்டுகோள். அறையின் அளவைப் பேசும் அதே நாளில் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்க எத்தனை அடி விடுவது, கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழுவது என்பதையும் பேசி முடியுங்கள். சுவர் எழும்பிய பிறகு அந்தப் பேச்சு சகோதரிகளுக்கிடையில் சண்டையாகத்தான் வரும். இப்போதே பேசினால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் நல்ல காற்றைச் சுவாசிப்பார்கள்.