கொப்பி வழி வந்த ஆங்கிலம்

நூற்றாண்டு மலருக்காகப் பழைய மாணவியர் பலரிடம் அவர்களது பள்ளி நினைவுகளைக் கேட்டுத் திரட்டினோம். விளையாட்டுப் போட்டி, சரஸ்வதி பூசை, பரிசளிப்பு விழா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். ஆனால் எண்பது வயதைத் தாண்டியவர் முதல் சென்ற ஆண்டு வெளியேறியவர் வரை தவறாமல் சொன்னது ஒன்று உண்டு. அதுதான் ஆங்கிலப் பரீட்சைக்கென்று எழுதிப் பழகிய கொப்பி. அந்தக் கொப்பியின் கதை ஊவாத் தோட்டங்களிலிருந்து வந்த பெண்பிள்ளைகளின் கல்வி வரலாறாகவும் இருப்பதால், அதனை இங்கே பதிவு செய்கிறோம்.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையில் இரண்டு வகைப் பாடசாலைகள் இருந்தன. கட்டணம் அறவிட்ட ஆங்கிலப் பாடசாலைகள் ஒரு வகை. தாய்மொழிப் பாடசாலைகள் மறு வகை. அரச உத்தியோகமும் வைத்தியமும் சட்டமும் பெரும்பாலும் முதல் வகையில் படித்து, கேம்பிரிஜ் பரீட்சைகளில் சித்தியடைந்தவர்களுக்கே கிட்டின. தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை இதனினும் கீழானது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. அதற்கு மேல் படிப்பது நிர்வாகத்தின் கவலையாக இருக்கவில்லை. பத்து வயதுக்குப் பின் கொழுந்துக் கூடை காத்திருந்தது. பெண்பிள்ளைக்கு அதற்கு முன்னரே தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்துவிடும்.

1924இல் ரயில் பாதை பதுளையை எட்டியது. தெமோதரை, ஹாலி எல பக்கத்துப் பிள்ளைகளுக்கு நகரத்துப் பள்ளி கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வந்தது. ஆயினும் அந்த ரயிலில் ஏறிப் படிக்க வந்தவர்கள் கங்காணிமார், கிளாக்கர்மார், கடைக்காரர் வீட்டுப் பெண்கள் சிலரே.

தோட்டத்தில் ஆங்கிலம் இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. லயன், செக்ரோல், டிஸ்பென்சரி, பெக்டரி, டிவிசன் என்று எம் தாய்மார் நாள் முழுவதும் புழங்கியவை ஆங்கிலச் சொற்களே. ஆனால் அவை காதால் வந்தவை. எழுத்தாக எவரும் அவர்களுக்குக் காட்டவில்லை. துரை சொன்னதைக் கிளாக்கர் ஐயா எழுதுவார்; தொழிலாளி கைநாட்டு வைப்பார். செக்ரோலில் தன் பெயருக்கு நேரே எத்தனை நாள் வேலை பதியப்பட்டுள்ளது என்பதைத் தானே வாசித்தறிய முடியாத தாயின் மகள்தான், பின்னாளில் அந்த மொழியில் பரீட்சை எழுத வந்தாள். எமது பழைய மாணவி ஒருவர் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தொடங்கியதும் அவர் செய்த முதல் வேலை, அம்மாவின் சம்பளத் துண்டை வாசித்துக் காட்டியதாம்.

1945 ஒக்டோபர் முதலாம் திகதி, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனா மொழியாயிற்று. பின்னர் அது படிப்படியாக மேல் வகுப்புகளுக்கும் பரவியது. இது எமக்குப் பெரும் நன்மை. எனினும் தோட்டப் பாடசாலைகள் நிர்வாகங்களின் கையிலேயே தங்கிவிட்டன. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அவை விடுபட்டன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அவற்றின் பாடசாலைகளும் அரசின் கீழ் வந்தன. ஆகவே ஐந்தாம் வகுப்பு முடித்து நகருக்கு வந்த தோட்டத்துப் பிள்ளை, ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். பக்கத்திலிருந்த நகரத்துப் பிள்ளையோ மூன்றாண்டுப் பாடத்தை முடித்திருந்தாள். இந்த இடைவெளியை நிரப்பியதுதான் கொப்பி.

சாதாரண தரத்துக்குத் தோற்றிய அக்கா ஒருத்தி, பழைய வினாத்தாள்களையும் அவற்றுக்கான விடைகளையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைப்பாள். அடுத்த ஆண்டு அது தங்கையரிடம் வரும். போட்டோப் பிரதி இல்லாத காலத்தில் ஒவ்வொருத்தியும் அதைக் கையால் பார்த்தெழுதினாள். முன்பக்கத்தில் இலக்கணம், நடுவில் கடிதம், அறிவித்தல், படத்தை விபரித்தல் ஆகியவற்றுக்கான மாதிரிகள், பின்பக்கத்தில் இருந்து சொற்பட்டியல். தெமோதரையிலிருந்து வந்தவர்கள் ரயில் பதுளையை அடைவதற்குள் பத்துச் சொற்களை மனனம் செய்துவிடுவார்களாம்.

எது கடினமாக இருந்தது என்று கேட்டோம். ஏறத்தாழ எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். தமிழில் ‘பறிக்கிறாள்’ என்றால் பறிப்பவள் பெண், அவள் ஒருத்தி, காலம் நிகழ்காலம் என்பவை எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே அடங்கிவிடும். ஆங்கிலத்தில் ‘ஷி’ என்று எழுவாயைத் தனியே சொல்லி, அதன் பிறகும் வினையின் இறுதியில் ஓர் ‘எஸ்’ சேர்க்க வேண்டும். அந்த ‘எஸ்’ விட்டுப்போய்ச் சிவப்பு மை படாத கொப்பி எதுவுமில்லை. பதுளையில், சுவரில், நிலையத்தில் என்று நாம் ‘இல்’ என்ற ஒரே உருபால் சொல்வதை அங்கே ‘இன்’, ‘ஒன்’, ‘அட்’ என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். ‘ஏ’, ‘த’ போன்றவற்றுக்குத் தமிழில் இணையே இல்லை. இவற்றை விளங்கிக்கொண்டவர்கள் சிலர். மனனம் செய்தவர்கள் பலர்.

கிரகித்தல் பயிற்சிகளில் வேறொரு தடை. பழைய வாசிப்பு நூல்களில் பனிமழையும் கடற்கரை விடுமுறையும் வந்தன. கடலையே காணாத பிள்ளை கடற்கரைப் பந்தியை வாசித்து விடை எழுதினாள். எப்போதாவது தேயிலையைப் பற்றிய பந்தி வந்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். கொழுந்தை வாட்டுவது, அரைப்பது, புளிக்க வைப்பது, சூட்டில் உலர்த்துவது என்ற ஒழுங்கு தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியும். அர்த்தம் முன்னரே கையில் இருந்ததால் ஆங்கிலச் சொற்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. மொழி கற்பிப்போர் கவனிக்க வேண்டிய உண்மை இது.

கொப்பியின் சங்கிலி அறுந்த காலங்களும் உண்டு. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கையில் வகுப்பை விட்டுச் சென்ற தோழியரை எம்மிற் பலர் மறக்கவில்லை. போகும்போது அவர்கள் விட்டுச் சென்றது பெரும்பாலும் இந்தக் கொப்பியைத்தான். 1983 ஜூலையில் பதுளையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவற்றுடன் எரிந்த புத்தகங்களுக்குக் கணக்கில்லை. பள்ளி மீண்டும் தொடங்கியபோது, மிஞ்சிய கொப்பிகளிலிருந்து மற்றவர்கள் மறுபடி பார்த்தெழுதினார்கள்.

இவ்வளவு பெருமையைச் சொன்ன நாம் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கொப்பி எமக்கு எழுதக் கற்றுத் தந்தது. பேசக் கற்றுத் தரவில்லை. சாதாரண தரத்தில் நல்ல சித்தி பெற்றும், நேர்முகப் பரீட்சையில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் கேட்டதும் வாயடைத்து நின்றவர்கள் எம்மிடையே உண்டு. இன்னொன்றும் உண்டு. உயர்தர வகுப்பில் சேர ஆங்கிலத்தில் சித்தி கட்டாயமில்லை. உயர்தரத்தின் பொது ஆங்கிலப் பெறுபேறு பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளியில் சேர்வதில்லை. எனவே ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டும் முன்னேறலாம் என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். அதற்கான விலை பிறகுதான் தெரியவருகிறது. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் எமது பசறை வீதியிலேயே இருக்கிறது. அங்கு போதனா மொழி ஆங்கிலம். பசறையிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி தினமும் அதைக் கடந்து பள்ளிக்கு வருகிறாள். அந்த வாசலுக்குள் அவள் தயக்கமின்றி நுழைய வேண்டும் என்பதே எமது ஆசை.

இன்று பயிற்சி நூல்களுக்கும் மாதிரி வினாத்தாள்களுக்கும் பஞ்சமில்லை. கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கின்றன. இல்லாதது, பிள்ளை வாய்விட்டு வாசிக்கும்போது உட்கார்ந்து கேட்க ஓர் ஆள். லயத்தில் அம்மா வேலை முடிந்து வரும்போது பொழுது சாய்ந்துவிடும். வந்தாலும் ஆங்கிலத்தைத் திருத்த அவரால் இயலாது. அந்த இடத்தில் நாம் அமரலாம். பதுளையில் இருப்பவர்கள் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் பள்ளிக்கு வாருங்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் தொலைபேசியில் கேளுங்கள். பிள்ளை பிழையாக வாசித்தால் இடைமறிக்காமல், வாசித்து முடித்த பின் சொல்லிக் கொடுங்கள். தேயிலையைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும் அவளைப் பேச வையுங்கள்.

எமக்கு முன் படித்த அக்காமார் தமது கொப்பிகளை எம்மிடம் தந்து சென்றார்கள். அந்தக் கடனை அடுத்தவர்களுக்கு அடைக்கும் முறை இப்போது எம்முடையது.