விலையும் ஒளியும்: வேட்டைத் தொலைநோக்கி கூறும் வரலாறு

ஒரு பொருளின் விலை உயர்ந்திருப்பதனாலேயே அதன் பயனும் உயர்ந்திருக்கும் என நம்புவோர் ஒரு சாரார். விலை உயர்ந்தவை யாவும் செல்வர்தம் ஆடம்பரமே எனத் தள்ளிவிடுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஆராயாமலே முடிவு கட்டுகின்றனர். ஒரு பொருள் எவ்வாறு தோன்றியது, அதன் விலை எதனால் ஏறியது, ஏறிய விலைக்கு ஈடாக எது கிடைக்கின்றது என வரலாற்றின் துணைகொண்டு வினவுவதே அறிவுடையோர் செயலாகும். இவ்வகை ஆராய்ச்சிக்கு வேட்டையாடுவோர் கையாளும் இருகண் தொலைநோக்கி, அதாவது பைனாகுலர், மிகச் சிறந்த எடுத்துக்காட்டாகும். சில நூறு அமெரிக்க டாலருக்கு நல்ல தொலைநோக்கி கிடைக்கும் இக்காலத்தில், இரண்டாயிரத்து ஐந்நூறு டாலருக்கு மேலும் கொடுத்து ஒன்றை வாங்குவோர் உளர். அந்த மிகுதிப் பணம் தகுமா, தகாதா? இவ்வினாவிற்கு விடை காண நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் பிறந்தது

1608ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், நெதர்லாந்து நாட்டு மிடில்பர்க் நகரைச் சேர்ந்த ஹான்ஸ் லிப்பர்ஹே என்னும் மூக்குக் கண்ணாடி வினைஞர், தொலைவிலுள்ள பொருள்களை அண்மையிற் காட்டும் கருவியொன்றிற்குக் காப்புரிமை வேண்டி அரசை அணுகினார். அரசு அவரிடம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைத்தது: கருவி இரு கண்களாலும் நோக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும், வில்லைகள் பளிங்குக் கல்லால் ஆனவையாய் இருத்தல் வேண்டும். அக்காலத்துக் கண்ணாடியில் குமிழியும் கோடும் மலிந்திருந்தமையே இரண்டாவது வேண்டுகோளுக்குக் காரணம் எனலாம். லிப்பர்ஹே அவ்வாறே செய்து கொடுத்து நல்ல ஊதியம் பெற்றார். ஆயினும் காப்புரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. வேறு சிலரும் இக்கருவியைச் செய்ய அறிந்திருந்தனர் என்பதே காரணம்.

இந்நிகழ்ச்சியில் நம் வினாவின் வித்து அடங்கியுள்ளது. கருவியின் வடிவத்தை எவரும் பார்த்துச் செய்துவிடலாம். தூய கண்ணாடியையும் பிழையற்ற வேலைப்பாட்டையும் அவ்வளவு எளிதில் பெற்றுவிட முடியாது. உயர்ந்த விலை அன்றுதொட்டே வடிவத்திற்கன்றிப் பொருளின் தூய்மைக்கே கொடுக்கப்பட்டு வந்துள்ளது.

யேனா நகரின் பங்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைக்காரர்களும் படைத்தலைவர்களும் கையாண்ட தொலைநோக்கி, முன்புறம் குவிவில்லையும் கண்ணருகே குழிவில்லையும் கொண்ட எளிய கருவியாகும். அதன் உருப்பெருக்கம் சிறிது. காட்சிப் பரப்போ மிகக் குறுகியது. 1854ஆம் ஆண்டில் இக்னாஸியோ போரோ என்னும் இத்தாலியர், தலைகீழாகத் தோன்றும் பிம்பத்தை நிமிர்த்துவதற்குக் கண்ணாடிப் பட்டகங்களைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கருத்து சிறந்ததே, ஆனால் பட்டகத்தின் தடித்த கண்ணாடியினூடே ஒளி பழுதின்றிச் செல்ல வேண்டுமே! அத்தகைய கண்ணாடி அன்று இல்லை. அதனால் அவரது கருவி பெருவழக்கிற்கு வரவில்லை.

இக்குறையைத் தீர்த்தவர்கள் ஜெர்மனியின் யேனா நகரத்து மூவர். கார்ல் சைஸ் கருவி வினைஞர். எர்ன்ஸ்ட் ஆபே இயற்பியல் பேராசிரியர். ஓட்டோ ஷாட் கண்ணாடி வேதியியலில் வல்லவர். 1884இல் யேனாவில் நிறுவப்பட்ட கண்ணாடி ஆய்வுக்கூடத்தில் ஷாட் புதுவகை ஒளியியல் கண்ணாடிகளை உருவாக்கினார். அவற்றின் துணையால் ஆபே பட்டகத் தொலைநோக்கியைச் செம்மையுறச் செய்தார். 1893இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு, 1894இல் கருவி விற்பனைக்கு வந்தது. முன்வில்லைகள் இரண்டும் கண்களுக்கிடையே உள்ள தொலைவைவிட அகன்று நின்றமையால், காட்சியின் ஆழம் முன்னினும் தெளிவாகப் புலப்பட்டது. போரோவின் கருத்து பயன்தர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

இங்கு மற்றொன்றும் கூறத்தக்கது. ஆபே 1889இல் கார்ல் சைஸ் அறநிறுவனத்தை ஏற்படுத்தி, ஆலையை அதன் உடைமையாக்கினார். அந்த ஆலையில் 1900ஆம் ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. எனவே ஒரு பொருளின் விலையில் கண்ணாடியின் மதிப்போடு, அதைத் தேய்த்து மெருகேற்றிய தொழிலாளியின் ஓய்வும் உரிமையும் அடங்கியிருக்கக் கூடும். மலிவான பொருளைக் காணும்போது, அம்மலிவு எதனால் வந்தது எனக் கேட்பதும் நம் கடமையாகும்.

அந்தி வேளையின் தேவை

வேட்டைக்காரனுக்குத் தொலைநோக்கி ஏன் இன்றியமையாதது? மானினம் பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்தியிலும்தான் காட்டைவிட்டு வெளிப்படும். ஜெர்மனியின் வேட்டைச் சட்டம், மானை ஞாயிறு மறைந்து ஒன்றரை மணி நேரம் வரை வேட்டையாட இசைவளிக்கின்றது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலோ அரைமணி நேரமே இசைவுண்டு. நடு ஐரோப்பாவில் பேரொளி பெறும் தொலைநோக்கிகள் வேட்டைக்கெனவே பெரிதும் விரும்பப்பட்டதற்கு இந்த ஒரு மணி நேர வேறுபாடும் ஒரு காரணமாகும்.

1952இல் இயற்றப்பட்ட அதே ஜெர்மானியச் சட்டம், குட்டிகள் தாமே வாழும் வலிமை பெறும் வரையில், அவற்றை வளர்க்கும் தாய் விலங்கைக் கொல்வதைக் குற்றமாக்குகின்றது. மங்கிய ஒளியில் தெரியும் உருவம் ஆணா பெண்ணா, அருகில் புல்லுக்குள் குட்டி படுத்திருக்கின்றதா என்பதை அறியாது விசையை இழுப்பவன், ஓர் உயிரை மட்டுமன்று, அதனை நம்பியிருக்கும் மற்றோர் உயிரையும் மாய்த்துவிடுவான். அவன் கையிலுள்ள துப்பாக்கி கொல்லும் கருவி. தொலைநோக்கியோ கொல்லாமல் நிற்கச் சொல்லும் கருவி. ஆதலால் இங்கு ஒளியின் மதிப்பைப் பணத்தால் மட்டும் அளந்துவிட முடியாது.

எண்கள் கூறுவதும் கூறாததும்

தொலைநோக்கியின் மேல் 8 பெருக்கல் 42 என்று பொறித்திருப்பார்கள். முதலெண் உருப்பெருக்கம்; இரண்டாவது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். இங்கு அது 5.25 மில்லிமீட்டர். 8 பெருக்கல் 56 எனில் 7 மில்லிமீட்டர். இளைஞரின் கண்மணி இருளில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பதைக் கடந்த என் போன்றோருக்குப் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் அளவே விரியும். ஆகவே பெரிய வில்லைக்குக் கொடுக்கும் மிகுதிப் பணத்தில் ஒரு பகுதி, முதியவர் கண்ணுக்குள் புகாமலே வீணாகும். நண்பகலிலோ எவர் கண்மணியும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அப்போது பெரிய வில்லை வெறும் சுமையே.

அந்தி எண் என்று மற்றொரு கணக்கும் உண்டு. உருப்பெருக்கத்தையும் விட்டத்தையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைக் காண்பர். 8 பெருக்கல் 56 தொலைநோக்கிக்கு அது 21.2. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் 10 பெருக்கல் 50 கருவிக்கோ 22.4! எண்ணை மட்டும் நம்பினால் மலிவானதே சிறந்தது என்றாகிவிடும். கண்ணாடியின் தரத்தைப் பற்றி இந்த எண் ஒன்றும் கூறுவதில்லை என்பதே உண்மை.

அப்படியாயின் தரம் எங்கே மறைந்துள்ளது? காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காடு திரும்பிவிடுகின்றது. பழைய பட்டகத் தொலைநோக்கியில் முன்வில்லைக்கு இரண்டு, பட்டகங்கள் இரண்டிற்கும் நான்கு, கண்ணருகு வில்லைத் தொகுதிகளுக்கு நான்கு என ஒவ்வொரு குழலிலும் பத்துப் பரப்புகள் இருக்கும். பத்துப் பரப்புகளையும் கடந்தபின் எஞ்சுவது ஏறத்தாழ 66 விழுக்காடே. இழந்த ஒளியில் ஒரு பகுதி குழலுக்குள் சிதறி, காட்சியின் மேல் வெண்புகைபோல் படர்ந்தும் விடும். 1935ஆம் ஆண்டில் சைஸ் ஆலையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வில்லையின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்றைப் படியச் செய்து இவ்விழப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார். சில ஆண்டுகள் ஜெர்மனியில் அது படைத்துறை இரகசியமாகக் காக்கப்பட்டது. பிற்காலத்துப் பல்படல மேற்பூச்சினால் ஒரு பரப்பின் இழப்பு அரை விழுக்காடாகக் குறையுமெனக் கொண்டால், அதே பத்துப் பரப்புகளைக் கடந்து 95 விழுக்காடு ஒளி கண்ணை அடையும். 66க்கும் 95க்கும் உள்ள இடைவெளியே அந்தியில் மானின் காதைக் காண்பதற்கும் காணாமைக்கும் உள்ள இடைவெளி.

மேலிருந்து கீழிறங்கும் அறிவு

ஆஸ்திரியாவின் டைரோல் மலைநாட்டில் வில்ஹெல்ம் ஸ்வரோவ்ஸ்கி 1935இல் தம் முதல் தொலைநோக்கியைச் செய்தார். 1949இல் அவரது நிறுவனம் தோன்றியது. அது மலைநாட்டு வேட்டைக்காரரிடையே பெரும்பெயர் பெற்றது. பின்னர்க் கூரைவடிவப் பட்டகம் கொண்ட நேர்க்குழல் கருவிகள் பரவின. அவை ஒடுக்கமானவை, கைக்கு இசைவானவை. ஆயினும் அப்பட்டகத்தில் பிளவுறும் ஒளியலைகள் மீண்டும் கூடுகையில் சற்றே முன்பின்னாகிக் கூர்மையைக் குறைத்தன. 1988இல் சைஸ் நிறுவனம் இக்குறையை நீக்கும் மேற்பூச்சை அறிமுகப்படுத்தியது.

இங்கே வரலாற்றின் ஒழுங்கொன்று தெளிவாகின்றது. 1894இன் பட்டகத் தொலைநோக்கி தொடக்கத்தில் ஓர் ஆலையின் தனியுடைமை. காப்புரிமைக் காலம் முடிந்தபின் பல ஆலைகளின் பொதுச் சரக்கு. 1935இன் மேற்பூச்சு முதலில் படைத்துறையின் இரகசியம். இன்று பள்ளி மாணவன் வாங்கும் கருவியிலும் உண்டு. 1988இன் பூச்சு முதலில் மிகுவிலைக் கருவிகளுக்கே உரியது. இன்று ஜப்பானிலும் சீனாவிலும் செய்யப்படும் நடுத்தர விலைக் கருவிகளிலும் காணப்படுகின்றது. மிகுவிலை என்பது பெரும்பாலும் முந்திப் பெறுவதற்குக் கொடுக்கும் விலையே. காத்திருக்கும் பொறுமையுடையார்க்கு, முன்னோர் கொடுத்த பணமே உதவுகின்றது.

ஆயின் மிகுவிலையில் இன்று எஞ்சுவது யாது? காட்சியின் விளிம்பு வரை மங்காத கூர்மை, நிற ஓரங்களைக் குறைக்கும் தனிவகைக் கண்ணாடி, தாழ்ந்த ஞாயிற்றுக்கு எதிரே நோக்கினும் கூசாத உட்புறக் கருமை, மழையிலும் நீராவி புகாத அடைப்பு, ஆண்டுகள் பல சென்றாலும் இரு குழல்களும் ஒருமித்து நோக்கும் உறுதி ஆகியனவே. இவற்றுள் கடைசியாகக் கூறியது மிகவும் முதன்மையானது. குழல்கள் இணைவு தவறிய மலிவுக் கருவியை நெடுநேரம் நோக்கினால் கண்ணயர்ச்சியும் தலைவலியுமே மிஞ்சும். எனினும் விலை இருமடங்கானால் பார்வையும் இருமடங்காகிவிடாது. மிக மலிவானதிலிருந்து நடுத்தரத்திற்கு ஏறும் படி உயரமானது. நடுத்தரத்திலிருந்து உச்சிக்கு ஏறும் படி விலையில் உயரம், பயனில் சிறிது.

முடிவாக, எம் தீர்ப்பு இதுவாகும். பகலொளியில் எப்போதேனும் நோக்குவோர்க்கு நல்ல நடுத்தரக் கருவியே போதும். அதற்கு மேற்பட்ட பணம் பெருமைக்கே செல்லும். அந்தியின் கடைசி ஒளியில், நாள்தோறும் மணிக்கணக்காக நோக்கி, ஓர் உயிரைப் பற்றி முடிவு செய்யும் பொறுப்புடையோனுக்கு அந்தச் சிறு படியும் தகும். வாங்குமுன் இரு கருவிகளையும் மங்கும் அந்தியில் அடுத்தடுத்துத் தன் கண்ணால் நோக்கிப் பார்த்தல் வேண்டும். கடையின் மின்விளக்கொளியில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஐயம் நீங்காத வேளையில் எந்தக் கருவியாயினும் கீழே வைத்துவிட்டு, சுடாமல் திரும்புவதே அறம். விலையுயர்ந்த கருவியும் தர இயலாதது அந்த மனவுறுதி ஒன்றே.

வகுப்பறையில் ஒளிவிலகலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், சூத்திரத்தோடு இவ்வரலாற்றையும் சேர்த்துச் சொல்வார்களாக. எண்ணைக் கண்டு மயங்காமலும், விலையைக் கண்டு அஞ்சாமலும், இது யாருக்கு, எப்போது, எதற்கு என்று கேட்கப் பழகிய மாணவன், பிற்காலத்தில் எப்பொருளை வாங்கினும் ஏமாற மாட்டான்.