அலமோவின் இரண்டாவது வீழ்ச்சி

ஹொலிவூட்டின் புகழ்பெற்ற பழைய திரைப்படங்கள் யாவும் எப்படியோ வீட்டுத் திரைக்கு வந்து சேர்ந்துவிட்டன என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். 2006ஆம் ஆண்டு புளூ-ரே இறுவட்டுகள் சந்தைக்கு வந்த பின்னர் எத்தனையோ பழைய படங்கள் உயர் துல்லியத்தில் புத்துயிர் பெற்றன என்பது உண்மைதான். ஆயினும் நெடுங்காலம் வாசலிலேயே காத்து நின்ற படங்களும் உள்ளன. அவற்றுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது, ஜோன் வெயின் தயாரித்து, இயக்கி, நடித்த ‘தி அலமோ’.

1836ஆம் ஆண்டு டெக்சாஸ் விடுதலைப் போரின்போது, சான் அன்ரோனியோவிலுள்ள அலமோவில் தங்கியிருந்த சிறு படையை மெக்சிகோ இராணுவம் 13 நாட்கள் முற்றுகையிட்டு அழித்தது. இந்த வரலாற்றைப் படமாக்குவது வெயினின் நீண்டகாலக் கனவு. அதற்காகத் தமது சொந்தப் பணத்தையும் பணயம் வைத்தார். சாதாரண 35 மில்லிமீற்றர் சுருளில் அல்லாது, ‘ரொட்-ஏஓ’ எனப்பட்ட அகன்ற படச்சுருள் முறையில் அதனை ஒளிப்பதிவு செய்தார்.

1960 ஒக்டோபர் 24ஆம் திகதி சான் அன்ரோனியோவில் முதற்காட்சி நடந்தபோது படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. ஒரே நாளில் அதிக காட்சிகளை ஓட்ட நீளம் தடையாக இருந்தமையால், அரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட பகுதி பின்னர் நீக்கப்பட்டது. ஏழு ஒஸ்கார் பரிந்துரைகளைப் பெற்ற படம், ஒலிப்பதிவுக்கான விருதை மட்டுமே வென்றது. ஆனால் உண்மையான இழப்பு விருது மேடையில் நிகழவில்லை. வெட்டப்பட்டது திரையரங்குப் பிரதி மட்டுமன்று. கமெராவில் பதிவான மூல நெகடிவ்வும் வெட்டப்பட்டது.

முழு நீளப் படம் மறைந்தே போய்விட்டது என்று கருதப்பட்ட வேளையில், 1990களின் தொடக்கத்தில் கனடாவின் ரொறன்ரோ நகரில் வெட்டப்படாத 70 மில்லிமீற்றர் பிரதி ஒன்று கிடைத்தது. அதிலிருந்து தயாரான ஒளிநாடாவும் லேசர் வட்டும் வெளிவந்தன. அன்றைய தொலைக்காட்சிக்கு அந்தத் துல்லியம் போதுமானதாக இருந்தது. அத்துடன் பணி முடிந்தது என எண்ணிவிட்டார்கள் போலும். அந்த அரிய பிரதி உரிய குளிரூட்டலில் பேணப்படவில்லை. அக்கால வண்ணச் சுருள்களில் நீலச்சாயம் முதலில் அழியும். இறுதியில் எஞ்சுவது இளஞ்சிவப்புப் படலமே. ரொறன்ரோ பிரதிக்கும் அதுவே நேர்ந்தது.

இதே காலப்பகுதியைச் சேர்ந்த இன்னொரு படத்தின் கதி வேறு. டேவிட் லீனின் ‘லோரன்ஸ் ஒஃப் அரேபியா’வும் (1962) வெளியான பின்னர் வெட்டப்பட்ட படமே. மீட்பு நிபுணர் ரொபர்ட் ஹரிஸ் அதனை 1989இல் மீட்டெடுத்தபோது, லீன் உயிருடன் இருந்து படத்தொகுப்பை மேற்பார்வை செய்தார். ஒலி தொலைந்த காட்சிகளுக்கு பீட்டர் ஓ’டூலும் அலெக் கின்னஸும் கால் நூற்றாண்டின் பின் மீண்டும் குரல் கொடுத்தனர். 2012இல் அப்படம் புளூ-ரேயாக வந்தது. நமது கிதுல்கலவில், களனி கங்கைக் கரையில் லீன் படமாக்கிய ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ (1957) அதற்கு முன்னரே, 2010இல் வந்துவிட்டது.

‘அலமோ’வையும் மீட்க அதே ஹரிஸ் முன்வந்தார். 2014ஆம் ஆண்டு இரசிகர்கள் குரல் எழுப்பினர். பொதுமக்களிடம் நிதி திரட்டும் யோசனையும் பேசப்பட்டது. உரிமையாளரான எம்ஜிஎம் நிறுவனம் இணங்கவில்லை. 2022இல் அந்நிறுவனமே அமெசோனின் கைக்கு மாறியது. வெயின் 1979இலேயே மறைந்துவிட்டார். அவரது படத்துக்காக வாதாட, லீனைப் போல ஓர் இயக்குநர் அங்கு இல்லை.

பழைய பத்திரிகைத் தொகுப்புகள் மஞ்சளேறி நொறுங்குவதை அருகிருந்து கண்டவன் நான். தாளும் படச்சுருளும் நமது தீர்மானங்களுக்காகக் காத்திருப்பதில்லை. உயர் துல்லிய வெளியீடு தாமதமாவதை வணிகக் காரணம் கூறிப் பலர் நியாயப்படுத்துகின்றனர். வணிகக் கணக்கு அடுத்த ஆண்டு மாறலாம். நிறமிழந்த சுருளில் அந்த நிறம் தானாக மீளாது.

அலமோ முதன்முறை வீழ்ந்தபோது 13 நாட்கள் பிடித்தன. இரண்டாவது வீழ்ச்சி பல தசாப்தங்களாக, ஓசையின்றி நடந்திருக்கிறது. முன்னையதில் எதிரி மதிலுக்கு வெளியே நின்றான். பின்னையதில் படத்தைக் காக்கவேண்டியவர்களின் அலட்சியமே எதிரியாயிற்று.