வம்ச உடம்பு

1

கள்ளக்குறிச்சியில் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் இரண்டாவது முறை சோறு வந்தபோது அக்கா கையைக் குறுக்கே வைத்து வேண்டாம் என்றாள். பக்கத்து இலையில் இருந்த அத்தை சிரித்தார்.

"நீ ஏன்டி பட்டினி கெடக்கற? நம்ம வம்சமே பூசுன ஒடம்பு. தண்ணி குடிச்சாலும் சதை போடும்."

அதற்கு முந்தின வாரம்தான் ஒரு மருத்துவர் அக்காவிடம் நேர்மாறாகச் சொல்லியிருந்தார். "வாயைக் கட்டுங்கம்மா. எல்லாம் வாயால வர்றதுதான்." அன்று ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து அக்கா கேட்டாள்: "ரெண்டுல எதுடா நெசம்? பாப்பாவுக்கும் இப்படித்தான் வருமா?"

அவளுக்கு உடனே ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலையில், புது வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த பழைய படங்களில் ஒன்று கையில் அகப்பட்டது. 1974இல் நடந்த அத்தையின் கல்யாணப் படம். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் நிற்கிறார்கள். ஒருவருக்குக்கூடத் தொப்பை இல்லை. மணப்பெண்ணின் கையில் வளையல் முழங்கை வரைக்கும் ஏறிவிடும் போல இருக்கிறது. படத்தை அத்தையிடம் காட்டி, "இதுல நம்ம வம்சம் எங்க அத்தை?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப சோறு எங்கடா இருந்துச்சு?"

மரபணுவா, வாழ்க்கைமுறையா என்று உலகம் முழுக்க நடக்கும் விவாதத்தில் பலரும் கேட்க மறந்துவிடும் கேள்வி இதுதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் கள்ளக்குறிச்சியின் ஐம்பது வருட வரலாறு இருக்கிறது.

2

முதலில் அத்தையின் பக்கத்தைப் பார்ப்போம். "வம்சம்" என்று அவர் சொன்னது வெறும் சமாதானம் இல்லை.

1986இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் அவரது குழுவினரும் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்தார்கள். வளர்ந்த பிறகு அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களைத்தான் ஒத்திருந்தது. வளர்த்தவர்களோடு அதற்குச் சம்பந்தமே தெரியவில்லை. 1990இல் ஸ்வீடனின் இரட்டையர்களை ஆராய்ந்தபோது, தனித்தனி வீடுகளில் வளர்ந்த ஒரே கரு இரட்டையர்களும் எடையில் ஒருவரையொருவர் ஒத்திருந்தார்கள்.

அதே ஆண்டு கனடாவில் க்ளோட் பூஷார் இன்னொரு சோதனையை வெளியிட்டார். 12 ஜோடி ஒரே கரு இரட்டையர்களுக்கு வாரத்தில் ஆறு நாள், தினம் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். இப்படி 84 நாள் சாப்பிட வைத்ததில் ஒருவருக்கு 4 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13 கிலோ ஏறியது. அத்தனை பேரும் சாப்பிட்ட கூடுதல் கலோரி ஒன்றுதான். ஆனால் ஒரு ஜோடிக்குள் இருந்த இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏறியது. "அவளும் நானும் ஒண்ணாத்தான் சாப்பிடறோம், எனக்கு மட்டும் ஏன் போடுது?" என்று புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

2007இல் எஃப்டிஓ என்ற மரபணு பேசுபொருளானது. அதன் குறிப்பிட்ட ஒரு வடிவத்தை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ எடை கூடுதலாக இருந்தார்கள். அதற்குப் பின் எடையோடு தொடர்புள்ள நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் பல மூளையில் வேலை செய்பவை. பசி எப்போது எடுக்கிறது, எப்போது "போதும்" என்று தோன்றுகிறது என்பதோடு தொடர்புடையவை. "வாயைக் கட்டு" என்ற புத்திமதி எல்லோருக்கும் ஒரே கனம் இல்லை என்று அர்த்தம். சிலருக்கு அது திறந்த கதவைச் சாத்துவது மாதிரி. சிலருக்கு வெள்ளத்தை மறிப்பது மாதிரி.

அப்படியென்றால் அத்தை ஜெயித்துவிட்டாரா? இல்லை. ஒரு வயலில் இரண்டு ரக நெல்லைக் கலந்து விதைத்தால், ஒன்று உயரமாக வரும், இன்னொன்று குட்டையாக வரும். அந்த வித்தியாசம் விதையால் வந்தது. ஆனால் அடுத்த போகத்தில் உரம் போட்டதும் வயல் மொத்தமும் ஒரு சாண் உயர்ந்து நின்றால் அதற்கு விதை காரணமாக முடியாது. இரட்டையர் ஆய்வுகள் ஒரே வயலுக்குள் ஏன் வித்தியாசம் என்று சொல்கின்றன. வயலே ஏன் உயர்ந்தது என்று அவை சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் நடந்திருப்பது இரண்டாவது வகை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2015-16இல் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழகப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2இல் இருந்து 37 சதவீதம். ஐந்தாறு வருடத்தில் எந்த வம்சத்தின் மரபணுவும் மாறாது.

3

இந்த இடத்தில் இன்ஸ்டாகிராமில் அடிக்கடி சுற்றும் ஒரு விளக்கம் குறுக்கே வரும். "வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சங்கள் நம் உடம்பைக் கொழுப்பைச் சேமிக்கும் உடம்பாக மாற்றிவிட்டன." நம் கோபத்துக்கு இதமான விளக்கம். இதில் பாதி உண்மை உண்டு, மீதியைச் சரிபார்க்க வேண்டும்.

பஞ்சம் உண்மை. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணம் சீரழிந்தது. கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்துத் தாலுகா. கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டம். பஞ்சத்தில் மிகவும் அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்புக்கும் 1881 கணக்கெடுப்புக்கும் இடையில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். ஒரு பவுண்டு அரைக் கிலோகூட இல்லை. மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இந்தக் கூலி போதாது என்று வாதாடினார். அவர் போராடிய பிறகுதான் அது உயர்த்தப்பட்டது.

பஞ்சத்தையும் பருமனையும் இணைத்த கருதுகோளும் உண்மையாகவே இருக்கிறது. 1962இல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியலாளர் "சிக்கன மரபணு" என்ற யோசனையை முன்வைத்தார். கிடைத்தபோது சேர்த்து வைத்துக்கொள்ளும் உடம்பு பஞ்சத்தில் பிழைத்திருக்கும், அதே உடம்பு மிகுதியான காலத்தில் நோய்வாய்ப்படும் என்பது அதன் சாரம். ஆனால் அவர் பேசியது ஆதிகாலத்திலிருந்து ஆயிரக்கணக்கான வருடங்களாக நடந்த தேர்வைப் பற்றி. ஐந்தாறு தலைமுறையில் ஒரு பஞ்சம் ஒரு மக்கள்கூட்டத்தின் மரபணுவை மாற்றி எழுதியது என்று அவர் சொல்லவில்லை.

பஞ்சம் உடம்பில் பதியும் வழி வேறு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி ஜெர்மானிய முற்றுகையில் பட்டினி கிடந்தது. அப்போது கருவில் இருந்த ஆண்கள் 19 வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்தார்கள். மூன்று லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 1976இல் வெளியானது. கர்ப்பத்தின் முதல் பாதியில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம் பருமன் அதிகமாக இருந்தது. கடைசி மாதங்களிலோ பிறந்த உடனேயோ சந்தித்தவர்களிடம் குறைவாக இருந்தது. ஆக, பஞ்சம் என்றாலே பருமன் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த மாதத்தில், யார் வயிற்றில் இருந்தபோது என்பது முக்கியம். 1876ஐ விட, நம்மைச் சுமந்தவள் அந்தப் பத்து மாதம் என்ன சாப்பிட்டாள் என்பதே நமக்குக் கிட்டத்துக் கேள்வி.

4

இனி அத்தையின் கேள்விக்கு வருகிறேன். அப்போது சோறு எங்கே இருந்தது?

அவர் சிறுமியாக இருந்தபோது வீட்டில் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், வரகுச் சோறு. அரிசிச் சோற்றுக்குத் தனிப் பெயரே இருந்தது: நெல்லுச்சோறு. பொங்கல், தீபாவளி, விருந்தாளி, சாவு என்று சில நாட்களில்தான் அது அடுப்பில் ஏறும். தினம் நெல்லுச்சோறு தின்கிற வீடு என்றால் பெரிய வீடு என்று பொருள்.

1965இல் கல்வராயன் அடிவாரத்தில் கோமுகி அணை வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் குட்டை ரக நெல்லும் மின்சார மோட்டார்களும் வந்தன. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது திமுகவின் முழக்கம். ஆட்சிக்கு வந்ததும் அண்ணாதுரை படி அரிசித் திட்டத்தைத் தொடங்கினார். பிறகு மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நம்பிக் கம்பங்கொல்லைகள் கரும்புக்கொல்லைகளாயின. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் இலவசம்.

இதை யாரும் குற்றப்பத்திரிகையாக வாசித்துவிடக் கூடாது. அரிசி இந்த ஊரின் பசியை நிறுத்தியது. நெல்லுச்சோறு கௌரவமாக இருந்த ஊரில் அது எல்லா வீட்டுக்கும் வந்தது சமூக நீதி. என் ஆயா கடைசி வரைக்கும் ரேஷன் அரிசி மூட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பிரிப்பார். ஆனால் அரிசி வந்த அளவுக்குப் பருப்பும் முட்டையும் காயும் வரவில்லை. தட்டு நிறைந்தது, தட்டில் இருந்த வகைகள் குறைந்தன. அதே காலத்தில் நாற்று நடவும் கதிர் அறுப்பும் மெஷினுக்குப் போயின. ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது. டவுனுக்கு நடந்தவர்கள் பைக்கில் போனார்கள். இடுப்பொடிந்த வேலை போனதில் யாருக்கும் வருத்தமில்லை, வருத்தப்படவும் கூடாது. உழைக்கிற உடம்புக்கு அளந்த சோறு உழைப்பு போன பிறகும் அதே அளவில் இலையில் விழுந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைத்தான் "வாழ்க்கைமுறை" என்ற சொல் மறைத்துவிடுகிறது. கடையில் சட்டை எடுப்பது போல நாம் தேர்ந்தெடுத்த ஒன்று என்று அந்தச் சொல் நினைக்க வைக்கிறது. அணையையோ ஆலையையோ ரேஷனையோ அக்கா தேர்ந்தெடுக்கவில்லை.

5

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ் ஏறினால் இதே வரலாறு பின்தங்கி வருவதைப் பார்க்கலாம். மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று சகோதரர்கள் இந்த மலைகளில் ஆளுக்கொரு பக்கம் குடியேறினார்கள் என்பது அவர்களது வழிக்கதை. எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த கல்வராயன் மலை 1976இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதற்குப் பிறகுதான் மெல்ல ஏறின.

வழிக்கதை மரபணுச் சான்று ஆகாது. ஆனால் மேலேயும் கீழேயும் இருப்பவர்கள் வேறு வேறு விதை என்று நினைப்பதற்கு முன் ஒரு கணம் நிற்க வைக்கும். மலையின் சாப்பாடு சாமை, தினை, கேழ்வரகு. சாமையைச் சோறாக்க உரலில் குத்திப் புடைக்க வேண்டும். அது முழுக்கப் பெண்களின் வேலை. ரேஷன் அரிசி வந்ததும் அவர்கள் உலக்கையைக் கீழே வைத்தார்கள் என்றால் அதில் என்ன தப்பு? இன்று வெள்ளிமலைப் பெட்டிக்கடையிலும் சிப்ஸ் பாக்கெட் சரம் தொங்குகிறது.

இந்தப் பயணம் எங்கே போய் முடியும் என்பதற்கு உலகத்தில் ஒரு முன்னுதாரணம் உண்டு. பீமா என்ற அமெரிக்கப் பழங்குடியினர் எல்லையின் இரு பக்கமும் வாழ்கிறார்கள். அரிசோனாவில் இருப்பவர்களின் ஹீலா ஆற்று நீரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறிகள் மேலேயே திருப்பிக்கொண்டார்கள். விவசாயம் செத்தது. பின்னர் அரசு கொடுத்த மாவும் சர்க்கரையும் கொழுப்பும் உணவாயின. மெக்சிகோ மலையில் இருந்தவர்கள் கையால் உழுது சோளமும் பீன்ஸும் தின்றார்கள். 1994இல் ஒப்பிட்டபோது மெக்சிகோ பீமாக்கள் சராசரியாக 26 கிலோ எடை குறைவாக இருந்தார்கள். மரபில் நெருங்கிய உறவினர்கள், வரலாறு மட்டும் இரண்டு.

6

அக்காவின் கேள்வியில் கடைசிப் பாதி இன்னும் மிச்சம்: பாப்பாவுக்கும் வருமா?

புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் 2004இல் ஒரு படத்தை வெளியிட்டார். அவரும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒரே அளவு, உள்ளே வேறு. இந்த வித்தியாசம் பிறக்கும்போதே தொடங்குகிறது என்று அவரது குழு காட்டியது. புனே கிராமத்துக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு சின்னதாக இருந்தும், புனே குழந்தைகளுக்குக் குறைந்திருந்தது பெரும்பாலும் சதையும் உறுப்புகளும். தோலுக்கடியில் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. தாய்க்குச் சத்துப் போதாதபோது கரு தன்னைச் சிக்கனத்துக்குத் தயார் செய்துகொள்கிறது என்ற கருத்தை 1992இலேயே ஹேல்ஸும் பார்க்கரும் முன்வைத்திருந்தார்கள். அப்படித் தயாரான உடம்பு மிகுதியான உலகத்தில் வந்து விழும்போது சிக்கல் தொடங்குகிறது.

1974 படத்தை மறுபடி பார்த்தேன். ஓரத்தில் ஆயா. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையில் ஒட்டியதைச் சுரண்டித் தின்றவர். அப்பாவையும் அத்தையையும் அந்த உடம்பில்தான் சுமந்தார். அத்தை "வம்சம்" என்று சொல்வதில் ஒரு பங்கு மரபணு. இன்னொரு பங்கு ஆயாவின் பசி. இரண்டும் ஒரே வழியில் வருவதால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம்.

தமிழகத்தில் 40 சதவீதப் பெண்கள் அதிக எடையோடு இருப்பதாகச் சொன்ன அதே கணக்கெடுப்பு, 12.6 சதவீதப் பெண்கள் எடை குறைந்தவர்கள் என்றும் சொல்கிறது. இன்று மெலிந்த உடம்போடு பிள்ளை சுமக்கும் பெண், நாளைய பருமனின் கதையிலும் இருக்கிறாள். 2023இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. சின்ன அடிதான். ஆனால் "வாயைக் கட்டு" என்று ஒருத்தியிடம் சொல்வதைவிட அது சரியான திசை. தட்டை மாற்றியது அரசும் சந்தையும் என்றால், திருத்தும் வேலையிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க இரண்டு நாள் ஆனது. "வரலாம், வராமலும் போகலாம். பருப்பு, முட்டை, காய் நெறைய போடு. வெளையாட விடு. நீயும் நட, சுகரும் பாத்துக்க. ஆனா இது ஒன்னோட வாய்க்கொழுப்பு இல்லக்கா" என்றேன். சிரித்துவிட்டாள்.

அத்தையின் கல்யாணப் படம் இப்போது சித்தப்பா வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. போன பொங்கலுக்குப் போனபோது பாப்பா அதன் கீழே நின்று, "இந்த ஒல்லிப் பாட்டி யாரு?" என்று கேட்டாள். அத்தை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பாப்பா நம்பவே இல்லை.