மானதாசுந்தரியின் போர்வை

வங்காளத்துக் காந்தாப் போர்வைகளில் பெரும்பாலானவை யார் கைவேலை என்று சொல்வதில்லை. கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில், குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்று சொல்கிறது: மானதாசுந்தரி தாசி, தன் தகப்பனாருக்காக, தன் கையால் தைத்தது. எழுத்தையும் ஊசியாலேயே எழுதியிருக்கிறாள்.

அது பிறந்தது 19ஆம் நூற்றாண்டில், இன்று வங்கதேசத்தில் உள்ள குல்னா வட்டாரத்தில். அந்தக் காலத்துக் காந்தாவுக்குப் புதுத்துணி ஆகாது. உடுத்தி, துவைத்து, நைந்து மெத்தென்று ஆன சேலையும் வேட்டியும்தான் வேண்டும். நம் வீடுகளில் அப்படிப்பட்ட சேலை தூளியாகும். அங்கே காந்தா ஆகும். துணிகளை அடுக்கடுக்காக விரித்து, சுருக்கம் நீவி, ஓரம் தைத்துக்கொள்வார்கள். வண்ண நூலைக் கடையில் வாங்குவதில்லை, பழைய சேலைக் கரையிலிருந்து இழை இழையாக உருவுவார்கள். அடிப்படைத் தையல் வெறும் ஓட்டுத்தையல். உருவங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைப் பரப்பிலும் ஊசி நெருக்கமாக ஓடுவதால், துணி சிற்றலைபோல் லேசாகச் சுருங்கி நிற்கும். ஒரு பெரிய போர்வை முடிய மாதங்கள் போதாமல் வருடங்கள் ஆவதும் உண்டு.

மானதாசுந்தரி காந்தாவில் வழக்கமாக வரும் தாமரையோடு நிறுத்தவில்லை. சிப்பாய்களும் வெள்ளைக்காரத் துரைகளும் அவள் துணியில் வந்து நிற்கிறார்கள். அந்தப்புரத்துப் பெண்ணுக்கு வெளியுலகம் தெரியாது என்பவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம்.

காந்தாவுக்கு வழக்கமாக நீண்ட ஆயுள் கிடையாது. போர்த்திப் போர்த்திக் கிழிந்து, கடைசியில் குழந்தைக்கு விரிப்பாகித் தீர்ந்துவிடும். இது தீரவில்லை, குருசதய் தத்தின் சேகரிப்புக்கு வந்து சேர்ந்தது. ஐ.சி.எஸ். அதிகாரியான தத், வேலை பார்த்த மாவட்டங்களிலெல்லாம் பட ஓவியம், சுடுமண் பொம்மை, காந்தா என்று கிராமத்துக் கலைப்பொருள்களைத் தேடித் திரட்டியவர். மற்ற அதிகாரிகள் புலித்தோல் சேர்த்த காலம் அது.

1941இல் தத் இறந்தார். 1947இல் குல்னா பாகிஸ்தானுக்குப் போனது; போர்வை எல்லைக்கு இந்தப் பக்கம் தங்கிவிட்டது. 1963இல் ஜோகாவில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2017இல் மத்திய ஜவுளி அமைச்சகம் மானியத்தை நிறுத்தியபோது, ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே அது திண்டாடியது. வங்காளத்து மழைக்கால ஈரத்தில் பழம்பருத்தி பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும். அதிலும் இது, தைக்கும்போதே பழசாகியிருந்த துணி.